டிரெசர் என்ற சொல்லும் அஞ்சலையின் மஞ்சள் கட்டும்

டிரெசராகத் தொழில் பழகினேன்; ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டாக ஓய்வு பெற்றேன். நடுவில் நான் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அதே கத்தரிக்கோல், அதே டிங்சர் வாசனை, காலையில் வெளியே அதே வரிசை. மாறியது எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கதவுக்கு மேலே தொங்கிய பலகை மட்டும்தான். பலகையை மாற்ற வந்த தச்சரே பழையதைக் கழற்றிப் புதியதை அடித்துவிட்டு, "டிரெசர் ஐயா, கோணலா இருக்கான்னு பாருங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

ஓய்வு பெற்ற நாளில் சின்னதாகத் தேநீர் விருந்து வைத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் வந்திருந்தார்கள். எல்லாம் பினாங்கில் முறையாகப் பயிற்சி முடித்த பிள்ளைகள். அவர்களில் ஒருவர் கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. டிரெசர்னா டிரெஸ் தைக்கிறவங்கதானே? ஒங்கள ஏன் அப்படிக் கூப்டாங்க?"

இன்னொருவர் விடவில்லை. "தைக்கிறவங்க இல்லலா. எங்க வூட்டுல கண்ணாடி வச்ச அலமாரி ஒன்னு இருக்கு. அதுக்குப் பேருதான் டிரெசர். அண்ணன் அலமாரியா இருந்திருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதித் தாருங்கள், எங்கள் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் எனக்கு இப்போது நேரத்துக்கு என்ன பஞ்சம்? எழுதுகிறேன்.

எனக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த தாளிலிருந்து வந்தது. ஜப்பான் சண்டை முடிந்து கொஞ்சம் காசு கையில் புரண்டபோது, பினாங்கில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் அட்டை கிழிந்த தடி அகராதி ஒன்று வாங்கினேன். அதில் முதலில் தேடிய சொல் என் வேலையின் பெயர்தான். நாலு பேர் நின்று எடுத்த படம் கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது நம் முகத்தைத்தானே?

டிரெஸ் என்ற சொல்லுக்கு ஆதியில் சட்டையோடும் பாவாடையோடும் சம்பந்தமே கிடையாதாம். லத்தீனில் 'நேர்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அது பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து, நேராக்கு, ஒழுங்கு செய், தயார் செய் என்று பொருள் கொண்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. வழி சொல்லும் டைரக்‌ஷனும், கடித உறையில் எழுதுகிற அட்ரெஸும் இதற்குப் பங்காளிகள். வந்த பிறகு அந்தச் சொல் வேலைக்குப் போகாத இடம் இல்லை. பட்டாளத்தில் வரிசையை நேராக்கச் சொல்வதற்கும் இந்தச் சொல்தான். கல்லைச் செதுக்கிச் சீராக்கினாலும், தோலைப் பதப்படுத்தினாலும், அறுத்த கோழியைச் சுத்தம் செய்தாலும், பச்சைக் காய்கறியில் எண்ணெயும் புளிப்பும் ஊற்றிக் கலந்தாலும் இதே சொல். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவதும் அப்படித்தான் இந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. உடுத்துவது என்ற பொருள் வழியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட விருந்தாளி இன்றைக்கு வீட்டுக்காரர் ஆகிவிட்டார், மற்றவர்கள் பின்வாசலில் நிற்கிறார்கள்.

அந்த அலமாரிக்கும் கதை உண்டு, தம்பி. சமையலறையில், பரிமாறுவதற்கு முன் உணவை ஒழுங்குபடுத்தி வைக்கிற மேசைக்கு டிரெசர் என்று பெயர். அதுதான் வளர்ந்து இழுப்பறை வைத்து, பிறகு கண்ணாடியும் வைத்துக்கொண்டது. நாங்கள் வேறு கிளை. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் அறுவை வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று காயம் கட்டுகிறவர் டிரெசர். அந்தப் பெயர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்ததும் பொறுப்பு பலமடங்காகிவிட்டது. பாம்புக்கடி, பல்வலி, பிரசவம், புருஷன் பெண்டாட்டி சண்டையில் உடைந்த மண்டை எல்லாம் டிரெசர் தலையில். அவர் மனைவி டிரெசரம்மா. அவர் வீட்டு நாய்கூட டிரெசர் நாய்தான். அதை யாரும் கல்லால் அடிக்கமாட்டார்கள்.

அகராதி இவ்வளவு சொன்னது. ஆனால் அந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்பதை நான் அதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், சுங்கைப் பட்டாணி ஊரைவிட்டு உள்ளே தள்ளி இருந்த பாலத்துத் தோட்டத்தில் பார்த்துவிட்டேன். பாலத்துத் தோட்டம் என்பது எங்கள் ஆட்கள் வைத்த பெயர். உள்ளே வர ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம், அதனால் அந்தப் பெயர்.

என் படிப்பை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் புட்டி கழுவுகிற வேலை. புட்டி கழுவியவனைக் காய்ச்சல் கணக்குப் பார்க்க விட்டார்கள், பிறகு காயம் கட்ட விட்டார்கள். ஜப்பான்காரன் வருவதற்குள் நான் சின்ன டிரெசர். பெரிய டிரெசர் தேவசகாயம் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பழகியவர். ஒல்லியான ஆள், குரல் அதைவிட ஒல்லி. வேலை தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். முழங்கை வரை கழுவுவார். கழுவுகிறபோதே, முதுகைத் திருப்பியபடியே, உட்கார்ந்திருப்பவரிடம் பேச ஆரம்பித்துவிடுவார். புண்ணைப் பற்றி அல்ல. கோழி முட்டையிட்டதா, மூத்தவன் இருமல் நின்றதா, கிழங்கில் எலி விழுந்ததா. கை காய்வதற்குள் வந்தவரின் பயமும் பாதி காய்ந்துவிடும். கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் 'நீங்க'தான். தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார் பால்மரத்து ஆட்களை வாடா போடா என்று கூப்பிட்ட காலம் அது.

புண் கட்டும்போது அவர் உட்காருவது ஒரு முக்காலியில். நோயாளிக்குப் பெஞ்சு. முக்காலி பெஞ்சைவிடத் தாழ்வு. முட்டிமேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, அவர்கள் காலை அதன்மேல் வைக்கச் சொல்வார். இதற்கே பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு மருந்தும் ஓடிவிட்டது. காய்ச்சலுக்குக் கொயினா இல்லை, அயோடின் இல்லை, பஞ்சு இல்லை. தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடும் உப்பும் சைக்கிளில் கொண்டுவரும் மலாய்க்காரர் ஒருவர் புண்ணியத்தில் உப்பு கிடைத்தது. உப்புத் தண்ணீர்தான் எங்கள் முதல் மருந்து. அழுகிய சதையை எடுக்கப் பச்சைப் பப்பாளிக்காய். புண்ணின்மேல் ஒட்டாமல் இருக்க, நெருப்பில் வாட்டிய வாழைக் குருத்து. கட்டின் நுனியை ஒட்ட ஒரு சொட்டு ரப்பர் பால். அந்த ஒன்றுக்கு மட்டும் எங்களுக்குக் குறைவில்லை.

துணிதான் பெரும்பாடு. ஆட்களே கோணிச்சாக்கைத் தைத்து உடுத்திய நாட்கள். பெரிய டிரெசர், ஓடிப்போன துரையின் பங்களாவுக்குள் போய், விருந்துக்கு விரிக்கிற மேசை விரிப்புகளை எல்லாம் தூக்கிவந்தார். வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்டு மடித்தவை. நீளநீளமாகக் கிழித்துச் சுருட்டினோம். அவிழ்த்த கட்டை எறிவதில்லை. வேகவைத்து, கம்பியில் காயவிட்டு, மறுபடி சுருட்டுவோம்.

கட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கட்டு கீழிருந்து மேலே ஏறவேண்டும். கால் கீழே ஒல்லி, மேலே பருமன். சும்மா சுற்றினால் நழுவி விழும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் துணியை ஒருமுறை மடக்கித் திருப்ப வேண்டும். அந்த மடிப்புகள் காலின் வெளிப்பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நெற்கதிர் போல நிற்கும். கதிர் கோணினால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார். திட்டமாட்டார். "இன்னொரு தடவ பாத்துருவோம் தம்பி" என்பார், அவ்வளவுதான்.

ஜப்பான் அதிகாரி முதல்முறை வந்தபோது மொழி பெயர்க்க ஒரு தைவான்காரரைக் கூட்டிவந்தார். அவர் கையில் குட்டி அகராதி. மலாயில், "நீ யார், என்ன வேலை?" என்று கேட்டார். "டிரெசர்" என்றார் பெரியவர். தைவான்காரர் பக்கத்தைப் புரட்டி, முகத்தைச் சுருக்கி, "கண்ணாடி வைத்த மேசை என்று போட்டிருக்கிறதே!" என்றார். அதிகாரி என்ன என்ன என்று அதட்ட, மனிதருக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தைவான்காரரின் கட்டைவிரலில் அழுக்குக் கைக்குட்டை சுற்றியிருந்தது. பெரிய டிரெசர் அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார், அவிழ்த்தார், கழுவினார், கட்டினார். அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு தைவான்காரர் எங்களை 'ஓராங் பாலுட்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மலாயில், கட்டுகிற ஆள். அகராதியைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டார் என்று பெரியவர் சொல்லிச் சிரித்தார்.

இனி அஞ்சலையைப் பற்றி.

அஞ்சலை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். ரப்பரை யாரும் வாங்காத காலத்தில் எல்லாரையும்போல மரவள்ளிக் கிழங்கு நட்டார். கணவர் முனியாண்டி. அந்தக் கிழங்கை விற்கச் சுங்கைப் பட்டாணி பாசாருக்குப் போனவரை, ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கூடப் போனவர் தப்பி வந்து சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். அதற்குப் பிறகு சேதி எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஒருநாள் மண்வெட்டி நழுவி அஞ்சலையின் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது. சின்ன வெட்டுதான். ஆனால் கிழங்கையே தின்று கிழங்கையே குடித்த உடம்பில் சின்ன வெட்டு என்று ஒன்று கிடையாது. எங்களிடம் வந்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"கால என் முட்டி மேல வைங்கம்மா" என்றார் பெரிய டிரெசர்.

"ஐயையோ, ஒங்க மேலயா? வேணாங்கய்யா. பாவம் சுத்திக்கும்."

"பாவத்த நான் வாங்கிக்கிறேன். கால மட்டும் குடுங்க."

வரிசையில் பின்னால் நின்ற பாப்பம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த வீட்டுக்காரர், வயதில் மூத்தவர். "குடுத்துருடி அஞ்சல. ஜப்பான்காரன் காலத்துல பாவம் ஒன்னுதான் ரேசன் இல்லாம கெடைக்குது" என்றார்.

கட்டினோம். தினமும் காலையில் வந்தார், தினமும் கட்டினோம். மற்றவர்களில் பலருக்கு ஆறியது. இவருக்கு ஆறவில்லை. ஓரம் கறுத்தது, ஆழம் கூடியது. பெரியவர் ஒருநாள் கட்டி முடித்துவிட்டு, கையைக் காலிலேயே வைத்தபடி சொன்னார்:

"மறைக்கக் கூடாதும்மா, சொல்லிர்றேன். எலும்பத் தொட்டுருச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க கால எடுத்துருவாங்க. மயக்க மருந்துகூட இருக்கான்னு தெரியல."

அஞ்சலை அழவில்லை. "கால எடுத்துட்டா புள்ளைங்களுக்கு யாரு கெழங்கு புடுங்குவா? அவரு வந்து, நா இல்லாதப்ப என்னாடி பண்ணிக்கிட்டேன்னு கேட்டா நா என்னங்கய்யா சொல்றது?" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்கிறேன், அதுவும் கிழங்குதான்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். பெரிய டிரெசர் கை கழுவிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்து, "இருங்க தம்பி" என்றார். ஈரக்கையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"இது நீங்க கட்டுனதா?"

பார்த்தேன். கதிர் இல்லை. தலைப்பாகை சுற்றியதுபோல வளையம் வளையமாக இருந்தது.

"நேத்து மடக்கித்தான் கட்டுனேன் ஐயா."

"தெரியும். நான் பாத்தேன்." அஞ்சலையை நிமிர்ந்து பார்த்தார். "அவுந்துருச்சாம்மா?"

"ஆமாங்கய்யா. வழியில அவுந்துருச்சு. நானே சுத்திக்கிட்டேன்."

அவரே மெதுவாக அவிழ்த்தார். கடைசிச் சுற்றையும் எடுத்து, புண்ணின்மேல் இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கறை இல்லை. "புண்ணு ஈரமா இருக்கு. துணி காஞ்சு கெடக்கு. ரெண்டும் ராத்திரி ஒன்னா இருந்த மாதிரி தெரியலயேம்மா" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கோழி முட்டையிட்டதா என்று கேட்கிற அதே குரல்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லித் தொலையேன்டி" என்றார் பாப்பம்மா. "கால் போனப்பறம் எந்தத் துணியக் கட்டி என்ன, எங்க கட்டுவ?"

அப்புறம்தான் வந்தது. இங்கிருந்து போகும்போது ஆட்களின் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால், தண்ணீர்க் குழாய் இருக்கிற பீலிக்கரையில் உட்கார்ந்து எங்கள் கட்டை அவிழ்த்துவிடுவாராம். மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். வீட்டுக்குப் போய், தன் கல்யாணக் கூரைப் புடவையில் கிழித்த துண்டைப் புண்ணில் சுற்றிக்கொள்வார். காலையில் அதை எடுத்துவிட்டு எங்கள் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார். கூரைத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சாயம் போய்விடும் என்று பச்சைத் தண்ணீரில் அலசுவதோடு சரி.

"வெள்ளத் துணி கட்டிக்கிட்டு நா எப்புடிங்கய்யா வெளக்கு ஏத்துறது?" என்றார். "அவரு சயாம்ல இருக்காரு. உசுரோட இருக்கற மனுசனுக்கு, நானே வெள்ள உடுத்திக்கிட்ட மாதிரி ஆயிடாதா? ஒடம்புல இருக்கற துணின்னா மாராப்பா இருந்தா என்ன, கால்கட்டா இருந்தா என்ன?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கால் போகப்போகிறது, இவர் நிறம் பார்க்கிறார். "என்னக்கா நீங்க, புண்ணுக்குக் கலரு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பெரிய டிரெசர் என் பக்கம் பார்க்காமலேயே கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

அவர் கிறிஸ்தவர். அவர் வீட்டில் கல்யாணப் பெண்ணே வெள்ளைதான் உடுத்துவாள். அதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காலைத் தன் முட்டிமேல் நேராக எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எந்த நெறம் கட்டுனா வீட்டுக்குள்ள கொண்டுபோவீங்கம்மா?"

அஞ்சலை நம்பாமல் நிமிர்ந்தார். "மஞ்ச... மஞ்சன்னா..."

"மஞ்சளா?" என்றார் பாப்பம்மா. "எங்க வூட்டுப் பின்னால எலி தோண்டிப் போடுது. எவ்ளோ வேணும்?"

அன்றைக்கே அடுப்பு மூட்டினோம். பாப்பம்மா கொண்டுவந்த மஞ்சள் கிழங்கைக் கழுவி, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, துரை வீட்டு மேசை விரிப்பின் துண்டுகளை அதில் போட்டோம். நன்றாக வெந்த பிறகு எடுத்துக் கம்பியில் போட்டபோது, சும்மா சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அஞ்சலை போன பிறகு கேட்டேன். "ஐயா, வெள்ளையில கட்டுறதே சீழ் பட்டா தெரியணும்னுதானே? மஞ்சள்ல சீழ் தெரியாதே?"

"தெரியாதுதான்" என்றார். "அப்ப மூக்கு எதுக்கு இருக்கு?"

"அதுக்காக அவங்க சொல்றதுக்கெல்லாம்..."

"தம்பி, வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாத கட்ட நாம எவ்ளோ அழகாக் கட்டுனாலும் அது பீலிக்கரையோட நின்னுரும். புண்ணு அவங்க வீட்டுக்குப் போகுதுல்ல? கட்டும் கூடப் போகணும்."

நேராக்குவது, ஒழுங்கு செய்வது என்றெல்லாம் பிற்காலத்தில் அகராதியில் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. அகராதியில் விட்டுப்போன ஒன்று உண்டு. கட்டிக்கொள்கிறவர் மனசு ஒப்பினால்தான் அது கட்டு. இல்லாவிட்டால் சுற்றிவைத்த துணி.

அதற்குப் பிறகு முறையே மாறியது. தினமும் காலையில் அஞ்சலையின் கட்டை அவிழ்த்ததும், உள்பக்கத்தை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். முதல் நாள் பெரியவர் செய்தார். மறுநாள் என்னிடம் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகில் கொண்டுபோனேன். அஞ்சலை முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, மோந்து பாக்காதீங்க தம்பி, எனக்குச் செத்துரலாம்போல இருக்கு" என்றார்.

"விடுடி, மல்லியப்பூ மாதிரி எப்படி மோக்குறாரு பாரு!" என்று பாப்பம்மா சொல்ல, வரிசையே சிரித்தது. அஞ்சலையும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மஞ்சள் கட்டு கதிர் கலையாமல் வந்தது. ராத்திரி முழுவதும் காலிலேயே இருந்திருக்கிறது. நாள் போகப்போக வாடை குறைந்தது. அழுகல் நெடி போய், பழைய இரத்த வாடை வந்தது. பிறகு வெறும் மஞ்சள் வாசனையும் வாழைக் குருத்தின் வாசனையும். கறுத்த ஓரம் உதிர்ந்தது. ஒருநாள் காலை, பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மணிகளாகச் சிவப்புச் சதை எழும்பியிருந்தது. தொட்டால் இரத்தம் கசிகிற உயிர்ச் சதை. பெரிய டிரெசர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அஞ்சலையிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வேல இல்லம்மா" என்றார். அஞ்சலை கேட்டுவிட்டு, அவர் முட்டியின்மேல் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி லயத்தில் பரவிவிட்டது. சயாமுக்குப் போனவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக, "எனக்கும் மஞ்சக் கட்டு போடுங்க டிரெசர் ஐயா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். யார் யார் வெள்ளைக் கட்டை வழியிலேயே அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டவர்கள் ஆளுக்கொரு துண்டு மஞ்சள் கொண்டுவந்தார்கள். தைவான்காரர் கம்பியில் தொங்கும் மஞ்சள் துணிகளைப் பார்த்து, இது எந்த நாட்டுக் கொடி என்று சந்தேகப்பட்டார். "ஓபாட்" என்றார் பெரியவர். மருந்து. அதுவும் பொய் இல்லை.

அஞ்சலையின் கால் ஆறியது. பளபளவென்று ஒரு தழும்பு, உள்ளங்கை அகலத்துக்கு. அவர் கிழங்குத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்.

பிறகு ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ரயிலில் சுங்கைப் பட்டாணிக்கு வந்து, அங்கிருந்து லாரியில். எங்கள் மரப்பாலம் பலகை உளுத்துக் கிடந்ததால் லாரி அக்கரையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு லாரிக்கும் தோட்டமே ஓடும். வந்தவர்கள் கொஞ்சம் பேர். மஞ்சள் கட்டுக் கேட்ட பெண்களில் பலர் வெறுங்கையோடு திரும்பி நடந்தார்கள். அந்த முகங்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். பாலத்தைத் தாண்டி யாரோ மூட்டை சுமந்து வருவது போலத் தெரிந்தது. கிட்ட வந்ததும்தான் தெரிந்தது, அது அஞ்சலை. முதுகில் இருந்தது மூட்டையல்ல, முனியாண்டி. இரண்டு கைகளும் மனைவியின் கழுத்தைக் கட்டியிருந்தன. குச்சிபோல இரண்டு கால்களும் தொங்கின, புண்ணும் கோணித்துண்டுமாக. பின்னால் அவருடைய தகரக்குவளையைத் தூக்கிக்கொண்டு பாப்பம்மா.

"அடியே, செத்த எறக்கி வச்சுட்டு மூச்சு வாங்குடி!"

"எறக்குனா மறுபடி தூக்க முடியாதுக்கா. நீங்க நடங்க."

தொழில் புத்தி, என்ன செய்வது, நான் அஞ்சலையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். தழும்பு இருந்த கால் தரையில் முழுசாக ஊன்றி, இரண்டு பேர் கனத்தையும் தாங்கி, எடுத்து வைத்து வந்தது. உள்ளே இருந்து வந்த பெரிய டிரெசரும் என் பக்கத்தில் நின்று அதையேதான் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்ற அவர் கை ஏற்கெனவே மணிக்கட்டுக்குப் போயிருந்தது.

பெஞ்சில் உட்காரவைத்தோம். பெரியவர் முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டிமேல் விரிப்பைப் போட்டார். முனியாண்டி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"ஐயா மேலயா வைக்கிறது?"

"வைங்க" என்றார் அஞ்சலை. "ஒன்னும் ஆவாது. நா எத்தினி நாளு வச்சிருக்கேன்."

கழுவி முடித்ததும் பெரியவர் என் பக்கம் கையை நீட்டினார். பழக்கத்தில் நான் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் சுருளை எடுத்தேன். அஞ்சலை எட்டி என் கையைத் தடுத்தார்.

"அத எடுத்து வைங்க தம்பி. இன்னும் யாருக்காச்சும் வேணும்" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"இவருக்கு வெள்ளையே கட்டுங்க. வந்துட்டாருல்ல."